பிள்ளைகளுக்கு நிறுத்தக்குறி: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி இதுதான். எட்டு வயதுப் பையன். தமிழ் சரளமாக வாசிக்கிறான், நாலைந்து வரி சொந்தமாகவும் எழுதுகிறான். ஆனால் எழுதத் தொடங்கினால் கடைசி வரிவரை ஒரு புள்ளி கிடையாது. குறிகளின் பெயரைக் கேட்டால் ஒப்பிக்கிறான். ‘பொருத்துக’ என்று வந்தால் முழு மதிப்பெண். எழுதும்போது மட்டும் மறந்துபோகிறது. இதை எப்படிக் கற்றுக்கொடுப்பது, எந்தக் குறியை எந்த வயதில் தொடங்குவது, ஆங்கிலப் பாடத்தில் படிக்கும் விதிகளே தமிழுக்கும் போதுமா?

முதலில், அவன் மறக்கவில்லை. எழுதும்போது அவன் தலைக்குள் எல்லாம் தனித்தனியாகத்தான் இருக்கிறது. எது எங்கே முடிகிறது என்று அவனுக்குத் தெரியும். படிக்கிறவருக்கு அது தெரியாது என்பதுதான் இன்னும் உறைக்கவில்லை. அதனால் ‘புள்ளி வை, புள்ளி வை’ என்று பின்னாலேயே நின்று சொல்வதில் பயன் குறைவு. பத்துக் குறிகளையும் ஒரே பக்கத்தில் கட்டம் போட்டுக் காட்டும் அட்டவணையாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. பெயர் தெரிந்துவிட்டால் போடும் இடம் தெரிந்துவிட்டது என்று பொருளில்லை. வாக்கியம் எங்கே முடிகிறது என்று முதலில் காது பிடிக்க வேண்டும், அப்புறம்தான் கை குறி போடும். நான் சொல்லப்போவது பெரும்பாலும் இந்த வரிசையைப் பற்றித்தான்.

காதைப் பழக்குவதற்குத் தமிழே கைகொடுக்கிறது. நம் வாக்கியம் பெரும்பாலும் வினைமுற்றில் போய் நிற்கும். ‘கதவைத் திறந்து’ என்று சொல்லி நிறுத்திப் பாருங்கள். பிள்ளை உங்கள் முகத்தையே பார்க்கும், ‘திறந்து?’ என்று கேட்கும். ‘கதவைத் திறந்தாள்’ என்று நிறுத்தினால் கேட்காது. வினையெச்சம், வினைமுற்று என்ற பெயர்களெல்லாம் பிற்பாடு வகுப்பில் வரட்டும், இப்போது வேண்டாம். ‘முடிஞ்சுது’, ‘இன்னும் இருக்கு’ என்று இரண்டு பதில் போதும். நீங்கள் ஒரு துண்டு சொல்லுங்கள், பிள்ளை இரண்டில் ஒன்றைச் சொல்லட்டும். ‘மழை பெய்ததும்’, ‘மழை பெய்தால்’, ‘மழை பெய்தது’, ‘மழை பெய்த’, ‘மழை பெய்யவில்லை’. சில நாள் பேச்சுவாக்கில் இப்படி விளையாடுங்கள், பென்சிலையே எடுக்க வேண்டாம். வினை இல்லாத வாக்கியங்களையும் நடுநடுவே கலந்துவிடுங்கள்: ‘இது என் புத்தகம்’, ‘அவர் எங்கள் ஆசிரியர்’. இல்லாவிட்டால் வினையைக் கண்டால்தான் புள்ளி என்று பிடித்துக்கொள்வார்கள்.

ஆங்கிலத்தில் அடுத்த வாக்கியம் பெரிய எழுத்தில் தொடங்குவதால், ஒரு புள்ளி விட்டுப்போனாலும் படிக்கிறவர் சமாளித்துக்கொள்வார். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று இல்லை. எல்லையைக் காட்ட நமக்கு இருப்பது அந்தப் புள்ளி ஒன்றுதான். ஆகவே முற்றுப்புள்ளி நன்றாகப் பதியும்வரை வேறு எந்தக் குறிக்கும் போகாதீர்கள். மாதக்கணக்கில் ஆனாலும் பரவாயில்லை.

காது பழகிய பிறகு தாளுக்கு வரலாம். பிள்ளை எழுதக்கூடிய மாதிரி ஒரு பத்தியைக் கீழே தருகிறேன்.

நேற்று மழை பெய்தது நாங்கள் வெளியே போகவில்லை வீட்டிலேயே விளையாடினோம் அண்ணன் ஒளிந்துகொண்டான் நான் தேடினேன் கிடைக்கவில்லை அப்புறம் அலமாரிக்குப் பின்னால் தும்மல் சத்தம் கேட்டது கண்டுபிடித்துவிட்டேன் என்று கத்தினேன் அவன் எப்படித் தெரிந்தது என்று கேட்டான் எனக்கு ஒரே சிரிப்பு

‘முடிஞ்சுது’ என்று தோன்றும் இடத்திலெல்லாம் ஒரு சாய்கோடு போடச் சொல்லுங்கள். பெய்தது, போகவில்லை, விளையாடினோம், ஒளிந்துகொண்டான் என்று வேகமாகப் போவார்கள். இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். ‘கண்டுபிடித்துவிட்டேன்’ என்பதற்குப் பின்னால் ஒரு கோடு விழும், ‘எப்படித் தெரிந்தது’ என்பதற்குப் பின்னால் இன்னொன்று. இரண்டும் வினைமுற்றுத்தான், கோடு போட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அடுத்த சொல்லைப் பார்க்கச் சொல்லுங்கள்: ‘என்று’. முடிந்ததுபோல் தெரியும் ஒரு வாக்கியத்தை இன்னொரு வாக்கியத்துக்குள் இழுத்துவைப்பது அந்தச் சொல்தான். அடுத்து ‘என்று’ வந்தால் இன்னும் முடியவில்லை, இந்த ஒரு விதியை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். என்ற, என்பது, என்றால் எல்லாம் இதே வகை. கடைசியில் ‘எனக்கு ஒரே சிரிப்பு’ என்பதில் வினையே இல்லை. அங்கே கொஞ்சம் முழிப்பார்கள். முழிக்கட்டும்.

சாய்கோடு போட்ட இடத்திலெல்லாம் முற்றுப்புள்ளி வைத்துவிட்டால் பிழை இல்லாத பத்தி கிடைக்கும். ஆனால் வாசிக்கும்போது தந்தி அடித்த மாதிரி வெட்டி வெட்டி நிற்கும். இப்போதுதான் அடுத்த கேள்விக்கு வர வேண்டும்: இதில் எவையெல்லாம் பக்கத்து வாக்கியத்தோடு சேர்ந்துகொள்ளப் பார்க்கின்றன? ‘நான் தேடினேன்’ என்பதும் ‘கிடைக்கவில்லை’ என்பதும் ஒன்றுக்கொன்று ஒட்டியவை. அங்கே புள்ளியை எடுத்துவிட்டுக் காற்புள்ளி போடலாம். மழை பெய்தது, வெளியே போகவில்லை என்பதைப் ‘பெய்ததால்’ என்று மாற்றி ஒரே வாக்கியமாகவும் ஆக்கலாம். இப்படி ஒரு பிள்ளை எழுதி முடித்தால் ஏறக்குறைய இப்படி வரும்:

நேற்று மழை பெய்தது. நாங்கள் வெளியே போகவில்லை, வீட்டிலேயே விளையாடினோம். அண்ணன் ஒளிந்துகொண்டான். நான் தேடினேன், கிடைக்கவில்லை. அப்புறம் அலமாரிக்குப் பின்னால் தும்மல் சத்தம் கேட்டது. “கண்டுபிடித்துவிட்டேன்!” என்று கத்தினேன். அவன், “எப்படித் தெரிந்தது?” என்று கேட்டான். எனக்கு ஒரே சிரிப்பு.

இதுதான் ஒரே சரியான விடை என்று எண்ண வேண்டாம். ‘நான் தேடினேன். கிடைக்கவில்லை.’ என்று இன்னொரு பிள்ளை வைத்தால் அதுவும் சரிதான், அதில் ஏமாற்றம் இன்னும் கொஞ்சம் தூக்கலாகத் தெரிகிறது. இரண்டு பிள்ளைகள் இரண்டு விதமாகப் போட்டிருந்தால் எது சரி என்று தீர்ப்புச் சொல்வதைவிட ஏன் அப்படிப் போட்டாய் என்று கேட்பது நல்லது. அந்தப் பேச்சில் கற்றுக்கொள்வது திருத்திய நோட்டில் கற்றுக்கொள்வதைவிட அதிகம்.

வீட்டில் செய்யக்கூடிய இன்னொன்று, என் அனுபவத்தில் இதைவிட வேகமாக வேலை செய்வது எதுவும் இல்லை: பிள்ளை எழுதியதை அவன் எழுதிய மாதிரியே வாசித்துக் காட்டுங்கள். குறி இருந்தால் நிற்பது, இல்லாவிட்டால் நிற்காமல் ஒரே மூச்சாக ஓடுவது. நாலாவது வரியில் உங்களுக்கு மூச்சுத் திணறும், அவன் சிரிப்பான், ‘அங்க நிக்கணும்’ என்பான். ‘நிற்கச் சொல்லி எதுவும் எழுதவில்லையே’ என்று சொல்லிவிட்டுத் தாளை நீட்டுங்கள். ஒரு கண்டிப்பு மட்டும் வேண்டும்: நீங்களாக இரக்கப்பட்டு நடுவில் நிறுத்திவிடக் கூடாது. பெரியவர்கள் தெரியாமலே சரிசெய்து வாசித்துவிடுவோம், அதனால்தான் பிள்ளைக்குத் தன் எழுத்தில் ஒரு குறையும் தெரிவதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘மூச்சு விடும் இடத்தில் காற்புள்ளி’ என்று பலர் சொல்லித்தருகிறார்கள். மிகப் பழைய யோசனைதான் இது. கி.மு. 200 வாக்கில் அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராக இருந்த பைசாந்தியத்து அரிஸ்டோபனீஸ், வரியின் அடியில், நடுவில், மேலே என்று மூன்று உயரங்களில் புள்ளி வைத்து, வாய்விட்டுப் படிப்பவர் எங்கே எவ்வளவு நிறுத்த வேண்டும் என்று காட்டினார். தமிழிலும் காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு என்று கணக்குச் சொல்லித்தருவது உண்டு. நம் ஓலைச்சுவடிகளில் இந்தக் குறிகள் கிடையாது. செய்யுளுக்கு யாப்பே நிறுத்தம் காட்டிவிடும். ஆசிரியப்பா ஏகாரத்தில் முடிவது சிறப்பு என்பார்கள். அந்த ‘ஏ’ காதில் விழுந்ததும் பாட்டு முடிந்தது என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். உரைநடை பெருகி, அச்சு வந்து, கண்ணால் மௌனமாகப் படிக்கும் பழக்கம் பரவியபோதுதான் குறிகளின் தேவை வந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் தம் உரைநடையில் அவற்றை முறையாகக் கையாண்டார்.

அந்த மூச்சுக் கணக்கு முற்றுப்புள்ளிக்கு ஓரளவு உதவும். காற்புள்ளிக்கு உதவாது. சிறு பிள்ளைக்கு மூச்சும் குறைவு, எழுத்துக் கூட்டி வாசிக்கும் வயதில் சொல்லுக்குச் சொல் நிற்கும். விளைவு ‘நான், பள்ளிக்கு, போனேன்’. மூச்சை நம்பச் சொன்னது நாம்தான், அதைத் தப்பென்று சொல்லவும் முடியாது. ஆகவே காற்புள்ளிக்கு வரும்போது மூச்சை விட்டுவிட்டுப் பொருளைப் பிடிக்க வேண்டும். இந்தக் குறி இல்லாவிட்டால் படிக்கிறவர் எதையாவது தப்பாகச் சேர்த்துப் படித்துவிடுவாரா? அதுதான் கேள்வி.

இதைக் காட்ட எனக்குப் பிடித்த ஒரு எடுத்துக்காட்டு: ‘பழைய மாமா வீட்டு நாற்காலி’. எது பழையது? மாமாவா, வீடா, நாற்காலியா? ‘பழைய, மாமா வீட்டு நாற்காலி’ என்று ஒரு காற்புள்ளி போட்டதும் மாமா பிழைத்துக்கொள்கிறார். ‘மாமா வீட்டுப் பழைய நாற்காலி’ என்று சொல்லை மாற்றிவைத்தால் குறியே வேண்டாம் என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். அந்தப் பிள்ளைக்குக் காற்புள்ளி புரிந்துவிட்டது. குறி போட்டுத்தான் ஒரு வாக்கியத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றால் வாக்கியத்தையே மாற்றுவது பல சமயம் மேல்.

இன்னொன்று முற்றுப்புள்ளிக்கும் காற்புள்ளிக்கும் உள்ள வேறுபாட்டுக்கு. “அப்பா வீட்டில் இருக்கிறாரா?” என்று கேட்டால் “இல்லை. வருவார்.” என்பது விடை. “அப்பா இன்று வரமாட்டாரா?” என்று கேட்டால் “இல்லை, வருவார்.” என்பது விடை. சொல் அதே இரண்டு சொல்தான். முதலாவதில் அப்பா வீட்டில் இல்லை. இரண்டாவதில் ‘இல்லை’ என்பது கேள்வியையே மறுக்கிறது. இதை இரண்டு பேராக நடித்துக் காட்டினால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரியும். ‘சரி, பார்’ என்பதையும் ‘சரிபார்’ என்பதையும் கூடச் சேர்த்துக்கொள்ளலாம்.

காற்புள்ளியில் ஆங்கிலமும் தமிழும் பிரியும் இடங்கள் நிறைய. இரண்டு மொழியும் ஒரே நேரத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு இங்கேதான் குழப்பம். பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பென்சில், அழிப்பான், அளவுகோல் எடுத்துவை’ என்பதில் காற்புள்ளி வேண்டும். ‘பென்சிலும் அழிப்பானும் அளவுகோலும் எடுத்துவை’ என்றால் வேண்டாம்; அந்த ‘உம்’ வேலையைச் செய்துவிடுகிறது. ‘பென்சில், அழிப்பான் மற்றும் அளவுகோல்’ என்பது ஆங்கில வகுப்பிலிருந்து நேராக வந்து உட்கார்ந்த வாக்கியம். நோட்டில் பார்த்தால் தப்பென்று அடிக்கமாட்டேன், ‘உம்’ போட்டு ஒருமுறை சொல்லிப்பார் என்று மட்டும் சொல்வேன். அதேபோல் ‘நேற்று, நான் அவனைப் பார்த்தேன்’ என்பதில் அந்தக் காற்புள்ளிக்குத் தமிழில் ஒரு வேலையும் இல்லை. காலம், இடம் காட்டும் சொல் வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால் நாம் நிறுத்திப் படிப்பதில்லை.

ஆளைக் கூப்பிடும் இடத்தில் காற்புள்ளியை விடக் கூடாது. ‘அம்மா, தம்பி எங்கே?’ என்றால் அம்மாவிடம் கேட்கிறோம், தம்பியைத் தேடுகிறோம். காற்புள்ளியை ‘தம்பி’க்குப் பின்னால் தள்ளி, ‘அம்மா தம்பி, எங்கே?’ என்று வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அம்மாவின் தம்பியைக் கூப்பிடுகிற மாதிரி ஆகிவிடும், மாமா வந்துவிடுவார்.

எச்சங்களுக்குப் பின்னால் காற்புள்ளி இட வேண்டும் என்று இலக்கணப் பாடத்தில் இருக்கும். அதை அப்படியே பிடித்துக்கொண்டு ‘எழுந்து, போனான்’ என்று எழுதுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நீளமான அடுக்கு வந்தால் போடலாம்: ‘காலையில் எழுந்து, பல் துலக்கி, குளித்து, உடை மாற்றிக்கொண்டு கிளம்பினான்.’ இரண்டு வினை ஒட்டி வரும்போது வேண்டாம். இதற்குத் தமிழிலேயே ஒரு நல்ல சோதனை உண்டு, பலர் சொல்லித்தருவதில்லை: ஒற்று. ‘எழுதிக் கொடுத்தான்’ என்று எழுதும்போது நடுவில் வரும் ‘க்’ இரண்டு சொல்லையும் சேர்த்துக் கட்டுகிறது. அங்கே காற்புள்ளி நுழையாது. ‘எழுதி, கொடுத்தான்’ என்று பிரித்தால் ஒற்றுப் போய்விடும்; எழுதுவது ஒரு செயல், கொடுப்பது தனிச் செயல். ‘கேட்டுச் சிரித்தான்’, ‘கேட்டு, சிரித்தான்’ என்பதும் அப்படியே. ஒன்று ஒற்று, இல்லாவிட்டால் காற்புள்ளி, இரண்டும் சேர்ந்து வராது. பத்து, பதினொரு வயதில் சந்தி பழகத் தொடங்கும் பிள்ளைக்கு இதைச் சொன்னால் இரண்டு பாடமும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். ‘எழுதிக், கொடுத்தான்’ என்று இரண்டையும் போட்டிருப்பதை அச்சான புத்தகங்களிலேயே பார்க்கலாம்.

வினாக்குறிக்கு வருகிறேன். ‘வந்தானா’ என்ற சொல்லிலேயே கேள்வி இருக்கிறது. யார், எங்கே, ஏன் என்ற சொற்களும் தாமே கேட்டுவிடும். அதனால் தமிழில் வினாக்குறி பல இடங்களில் வெறும் உறுதிப்படுத்தல்தான், விட்டுப்போனாலும் பொருள் கெடாது. இதைப் பிள்ளைகள் உணர்ந்துகொள்வதால்தான் சோம்பல்படுகிறார்கள். குறி இல்லாமல் முடியவே முடியாத இடத்தைக் காட்டினால் மதிப்பு வரும். ‘அப்புறம்’ என்ற ஒற்றைச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். “அப்புறம்?” என்பது கதை கேட்கும் பிள்ளை. “அப்புறம்.” என்பது இப்போது முடியாது, போ என்னும் பெரியவர். “அப்புறம்...” என்பது சொல்லலாமா வேண்டாமா என்று தயங்குகிறவர். “அப்புறம், நாளைக்கு வருகிறாயா?” என்பது பேச்சை வேறு பக்கம் திருப்புகிறவர். நான்கையும் தாளில் எழுதிக் கொடுத்து, வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். குரல் மாறாவிட்டால் மறுபடியும். வகுப்பில் இதைவிடச் சத்தமான பாடம் கிடையாது.

எதிர்ப்பக்கத்துப் பிழையும் உண்டு: கேள்விச்சொல்லைக் கண்டவுடன் வினாக்குறி. ‘யார் வந்தாலும் கதவைத் திறக்காதே.’ ‘அவன் ஏன் அழுதான் என்று தெரியவில்லை.’ ‘என்ன அழகு!’ மூன்றிலும் கேள்விச்சொல் இருக்கிறது, மூன்றுமே கேள்வி இல்லை. வாக்கியம் யாரிடமிருந்தாவது பதிலை எதிர்பார்க்கிறதா என்று கேட்டுப் பார்த்தால் போதும். ‘என்ன அழகு?’ என்று மாற்றினால் அது கிண்டலாகவோ சண்டையாகவோ ஆகிவிடும் என்பதையும் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்கள்.

மேற்கோள்குறியை ஒன்பது, பத்து வயதில் தொடங்கலாம். படக்கதை நல்ல துணை. ஆளின் வாயிலிருந்து கிளம்பும் குமிழுக்குள் என்ன இருக்கிறதோ அது இரட்டை மேற்கோளுக்குள் போகும், குமிழுக்கு வெளியே இருப்பது வெளியே நிற்கும். ஒரு பக்கப் படக்கதையைப் படமில்லாமல் உரைநடையாக எழுதச் சொன்னால் குறியின் இடம் தானாக விழும். ‘என்று’ எப்போதும் குமிழுக்கு வெளியேதான். பேசுகிறவரின் பெயர் முன்னால் வந்தால் அதன் பின் ஒரு காற்புள்ளி: அவன், “நான் வருகிறேன்” என்றான். மேற்கோள் முடிந்து ‘என்றான்’ வரும் இடத்தில் காற்புள்ளி வேண்டாம். ஆங்கிலத்தில் அங்கே மேற்கோளுக்குள் ஒரு காற்புள்ளி போடுவார்கள், பிள்ளைகள் அதைத் தமிழுக்கும் தூக்கிவருவார்கள். பேச்சு கேள்வியாக இருந்தால் வினாக்குறி குமிழுக்குள்ளேயே இருக்கும், ‘என்று கேட்டார்’ என்பதற்குப் பின்னால் முற்றுப்புள்ளிதான்.

குறி இல்லாமல் ஒரு வாக்கியம் கொடுத்து யார் பேசுகிறார்கள் என்று கேட்பது நல்ல பயிற்சி. ‘அக்கா தம்பி அழுகிறான் என்றாள்.’ இதை இப்படிப் பிரிக்கலாம்: அக்கா, “தம்பி அழுகிறான்” என்றாள். பேசியது அக்கா. இப்படியும் பிரிக்கலாம்: “அக்கா, தம்பி அழுகிறான்” என்றாள். பேசியது வேறு யாரோ ஒருத்தி, அக்காவிடம் சொல்கிறாள். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. குறி ஏன் வேண்டும் என்று அதற்குமேல் பிரசங்கம் தேவைப்படாது.

அவன் “தான் நாளை வருவதாக” சொன்னான் என்று எழுதுவது இந்த வயதின் வழக்கமான பிழை. அந்த ஆள் வாயைத் திறந்து ‘தான் நாளை வருவதாக’ என்றா சொன்னான்? குமிழுக்குள் போகாத பேச்சுக்கு மேற்கோள் கிடையாது. ஒற்றை மேற்கோள், நூல் பெயர், மேற்கோளுக்குள் மேற்கோள் இதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உணர்ச்சிக்குறியைக் கற்றுக்கொடுக்கவே வேண்டாம், கட்டுப்படுத்தினால் போதும். கைப்பேசிச் செய்தி பார்த்துப் பழகிய பிள்ளை மூன்று மூன்றாகப் போடும். ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று ஒதுக்கீடு வைத்துவிடுங்கள், எங்கே செலவழிப்பது என்று அவனே யோசிப்பான். தொடர்புள்ளி மூன்றோடு நிற்க வேண்டும் என்பதையும் அதே நாளில் சொல்லிவிடலாம்.

அரைப்புள்ளியும் முக்காற்புள்ளியும் பதினோரு வயதுக்கு முன்னால் அவசியமில்லை. பட்டியலுக்கு முன் வரும் முக்காற்புள்ளியைக் கண்டு அடையாளம் தெரிந்தால் போதும். எந்த வயதில் எது என்ற கேள்விக்கு இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டத்தில் ஒரு வரிசை இருக்கிறது, 2014 முதல் நடைமுறையில் உள்ளது. முதல் ஆண்டில், அதாவது ஐந்தாறு வயதில், முற்றுப்புள்ளி, வினாக்குறி, உணர்ச்சிக்குறி அறிமுகம், இரண்டாம் ஆண்டில் பட்டியல் காற்புள்ளி, மூன்று, நான்கில் நேர்கூற்றுக்கு மேற்கோள்குறி, ஐந்தில் அடைப்புக்குறி, அரைப்புள்ளி ஆறாம் ஆண்டில்தான். ஆங்கிலத்துக்கான திட்டம் என்றாலும் இந்த வரிசை தமிழுக்கும் பொருந்துகிறது. நான் செய்யும் மாற்றம் ஒன்றுதான்: உணர்ச்சிக்குறியை முதலிலேயே கையில் கொடுக்கமாட்டேன்.

திருத்துவது பற்றி. பக்கம் முழுக்கச் சிவப்பு மையில் குறிகளை நீங்களே போட்டுக் கொடுத்தால் பிள்ளை அதைப் பார்க்கக்கூடப் பார்க்காது. அந்த வாரம் எந்தக் குறியைப் பழகுகிறீர்களோ அதை மட்டும் பாருங்கள், மற்றதைக் கண்டும் காணாமல் விடுங்கள். குறியைப் போடாமல், ‘இந்தப் பத்தியில் மூன்று முற்றுப்புள்ளி காணவில்லை, தேடு’ என்று ஓரத்தில் எழுதுங்கள். தேடுவது அவர்களுக்குப் பிடிக்கும். சொல்வதை எழுதும் பயிற்சியில் ‘காற்புள்ளி’, ‘முற்றுப்புள்ளி’ என்று குறிகளையும் சேர்த்துச் சொல்லும் வழக்கத்தை விட்டுவிடலாம். குரலில் மட்டும் காட்டுங்கள், போடுவது அவர்கள் வேலை. சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. காற்புள்ளி வரியின் அடியில் உட்கார்ந்து வால் கீழே தொங்க வேண்டும், நடுவில் மிதக்கக் கூடாது. குறிக்கு முன்னால் இடம் விடக் கூடாது, பின்னால் விட வேண்டும். தட்டச்சுக்குப் போகும்போது இந்தக் கடைசி விதியைப் பெரியவர்களும் மீறுகிறார்கள்.

கைப்பேசியில் அனுப்பும் செய்திக்கு முற்றுப்புள்ளி வைப்பதில்லையே என்று பிள்ளை கேட்டால் திட்ட வேண்டாம். அங்கே ஒவ்வொரு வரியும் தனித்தனியாகப் போய் விழுகிறது, எல்லை தானாகத் தெரிந்துவிடுகிறது. பத்தியாக எழுதும்போது அப்படித் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம். அதே கைப்பேசியைப் பயிற்சிக்கும் பயன்படுத்தலாம். பிள்ளையை ஒரு கதை சொல்லச் சொல்லி, குரல்வழித் தட்டச்சில் எழுத்தாக்குங்கள். பல செயலிகளில் குறியே இல்லாமல் நீளமாக ஒரு பத்தி வரும். சொன்னது அவன் கதை, அதனால் எங்கே நிற்க வேண்டும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இராது. அந்தப் பத்தியைத் தாளில் எழுதியோ அச்செடுத்தோ கையில் கொடுத்தால் அரைமணி நேரம் போவது தெரியாது.

கடைசியாகத் தேர்வு. பள்ளிப் பாடநூல் ஒன்று சொல்லும், பத்திரிகை வேறு மாதிரி அச்சிடும், பதிப்பகத்துக்குப் பதிப்பகம் ஒரு வழக்கம் இருக்கும். ‘ஆனால்’, ‘ஆகவே’ போன்ற இணைப்புச் சொல்லுக்குப் பின்னால் காற்புள்ளி போட வேண்டும் என்று பாடநூல் விதி சொல்லும். சிறிய வாக்கியங்களில் அது தேவையில்லை என்பது என் கருத்து, இந்தப் பதிலிலேயே பல இடங்களில் போடவில்லை. ஆனாலும் மதிப்பெண் பிள்ளையுடையது. கடிதத்தில் முகவரியின் ஒவ்வொரு வரிக்கும் காற்புள்ளி, கடைசி வரிக்கு முற்றுப்புள்ளி என்று ஆசிரியர் கேட்டால் போடட்டும், ‘தேர்வில் இப்படி, வெளியே இரண்டு விதமும் உண்டு’ என்று மட்டும் சொல்லிவையுங்கள்.